சத்தம் போடாத வயர்

144, 60, 100.

ஒரு கீபோர்டின் நடுவிலிருக்கும் 'ஸி' கட்டையை ஓரளவு அழுத்தமாகத் தட்டினால், பின்பக்கத்து வயர் வழியே போவது இந்த மூன்று எண்கள்தான். முதல் எண் 'ஒன்றாம் சானலில் ஒரு கட்டை தட்டப்பட்டது' என்கிறது. இரண்டாவது, எந்தக் கட்டை என்பது. மூன்றாவது, எவ்வளவு வேகமாகத் தட்டினார்கள் என்பது. விரலை எடுத்ததும் இன்னொரு மூன்று எண்கள் போகும்: 128, 60, 0. அந்த வயரில் பாட்டு கிடையாது, ஒலி கிடையாது. ஸ்பீக்கரில் நேராகச் செருகினால் 'கொர்' என்று ஏதோ இரையும், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு மிடி என்று பெயர். மளிகை லிஸ்ட்டைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். லிஸ்ட்டில் பருப்பு இருக்காது, பருப்பு என்ற எழுத்துதான் இருக்கும். எந்தக் கடையில் நீட்டுகிறோமோ அந்தக் கடைச் சரக்கு வரும். அதே 144, 60, 100 ஒரு பெட்டியில் பியானோவாகவும், இன்னொன்றில் நாற்பது வயலினாகவும், வேறொன்றில் உறுமியாகவும் ஒலிக்கும்.

கோடம்பாக்கத்தில் இதைப் பற்றி யாரும் தனியாக உட்கார்ந்து பேசுவதில்லை. "இப்போதைக்கு மிடியில போட்டு வச்சிருக்கேன், அப்புறம் லைவ் எடுத்துக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துபோய்விடுவார்கள். அந்த 'அப்புறம்' எந்தெந்த வாத்தியக்காரருக்கு வந்தது, யாருக்கு வராமலே போனது என்பதில்தான் நாற்பது வருடத் தமிழ்த் திரையிசையின் கதை பாதி அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு இந்த வயர் பிறந்த இடத்திலிருந்து வரவேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் சிந்தசைசர் செய்யும் கம்பெனிகள் ஆளுக்கொரு பாஷை பேசின. ஒரு கம்பெனியின் பெட்டி, சுரத்தை ஒரு ஆக்டேவுக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கில் புரிந்துகொள்ளும். இன்னொன்று வேறு கணக்கு வைத்திருக்கும். இரண்டையும் இணைத்து வாசிக்க வேண்டுமானால் இடையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆள் சால்டரிங் அயர்னோடு உட்கார வேண்டும். 1981 இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்துக்கு வாங்கெலிஸ் சிந்தசைசரில் போட்ட இசை ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அவர் அந்தப் பெட்டிகளைச் சூழ வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கையால் வாசித்து, டேப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

பேச வைத்தவர்கள் இருவர். ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ காகேஹாஷி; கலிபோர்னியாவில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சிறிய கம்பெனி நடத்திய டேவ் ஸ்மித். 1981 இல் ஸ்மித், தன் சகா செட் வுட்டுடன் சேர்ந்து, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறையை ஒலிப் பொறியாளர்களின் மாநாட்டில் முன்வைத்தார். அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானியர்கள்தான் கையைப் பிடித்துக்கொண்டார்கள்: ரோலண்ட், யமாஹா, கோர்க், கவாய். 1983 ஜனவரியில் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரொஃபெட்-600 ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6 ஐயும் ஒரு வயரால் இணைத்து, ஒன்றில் தட்டினால் மற்றது பாடுவதைக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகளின் இரண்டு பெட்டிகள்! அந்த வருட ஆகஸ்டில் விதிமுறை வெளியானது. அதற்கு யாரும் ராயல்டி கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2013 இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மலிவாக இருக்க வேண்டும் என்பதுதான் பிறந்தபோதே இதற்கு இடப்பட்ட கட்டளை. ஐரோப்பிய டேப் ரெக்கார்டர்களில் ஏற்கெனவே புழங்கிய ஐந்து முள் பிளக்கையே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஐந்திலும் மூன்றுக்குத்தான் வேலை. மற்ற இரண்டு சும்மா நிற்கும். வாங்கும் பெட்டியின் வாசலில், மின்சாரத்தை ஒளியாக மாற்றி மறுபடி மின்சாரமாக்கும் ஒரு சின்ன சில்லு இருக்கும். இரண்டு பெட்டிக்கும் நடுவே மின்தொடர்பே இராது. ஆகவே ஒன்றின் 'ஹம்' மற்றதில் ஏறாது. ரெக்கார்டிங் எஞ்சினியரைக் கேட்டால் மிடியின் மிகப் பெரிய நல்ல காரியம் இதுதான் என்றுகூடச் சொல்லக்கூடும்.

வேகம், நொடிக்கு 31,250 பிட். அன்றைக்கே பெரிய வேகம் இல்லை. ஒரு கட்டையின் சேதி போய்ச்சேரக் கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடி ஆகும். சேதிகள் வரிசையில்தான் போகும். பத்து விரலையும் ஒன்றாக அழுத்தினாலும், கடைசி விரலின் சேதி ஏழு முதல் பத்து மில்லி நொடி தாமதமாகத்தான் இறங்கும். காதுக்கு அது எட்டாது. பதினாறு சானலிலும் டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரே தாளத்தில் அடைத்தால் எட்டும். அடி கொஞ்சம் சிதறினாற்போல இருக்கும். எண்பதுகளின் புரோகிராமர்கள் இதற்காக டிரம்ஸ் சேதிகளை முதலில் அனுப்பி, ஸ்ட்ரிங்ஸைக் கடைசியில் விடுவார்கள். ஸ்ட்ரிங்ஸ் எப்படியும் மெதுவாகத்தானே எழும்பும்.

இந்த எண்களைச் சேமித்து வைக்கக் கம்ப்யூட்டரே போதும் என்று கண்டபோதுதான் வயருக்கு ஆயுசு கெட்டியானது. 1985 இல் வந்த அடாரி எஸ்டி கம்ப்யூட்டரில் மிடி துளைகள் பிறவியிலேயே இருந்தன. அதே வருடம் மேக்கின்டாஷுக்கு 'பெர்ஃபார்மர்' வந்தது. 1989 இல் அடாரிக்கு 'கியூபேஸ்' வந்தது: இடமிருந்து வலமாக நேரம் ஓட, மேலிருந்து கீழாக டிராக்குகள் அடுக்கிய திரை. இன்று எந்த மென்பொருளைத் திறந்தாலும் கண்ணில் படுவது அந்தத் திரையின் பேரப்பிள்ளைகள்தான். ஒரு முழுப் பாட்டின் மிடி எண்கள் சில பத்து கிலோபைட்டில் அடங்கிவிடும். அதையே சிடி தரத்தில் ஒலியாக வைத்தால் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஒரு ஃபிளாப்பியில் ஒரு படத்துப் பாட்டையெல்லாம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்ற காலம் அப்படித்தான் வந்தது.

சென்னைக்கு இது வந்துசேர அதிக நாள் பிடிக்கவில்லை. 1986 இல் வெளியான 'புன்னகை மன்னன்' படத்தின் இசையில் இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். இந்தியத் திரையிசையில் அப்படி வந்த முதல் படம் என்று இதைத்தான் சொல்வார்கள். இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. சீக்வென்சர் தேவையே இல்லாத ஒரு இசையமைப்பாளர் இந்தியாவில் இருந்தார் என்றால் அது அவர்தான். ரீலை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்துக்கு எந்த இடத்தில் என்ன சுரம் என்று தாளில் எழுதிக்கொண்டே போவார். உதவியாளர்கள் பிரதியெடுத்து ஸ்டாண்டில் வைப்பார்கள். ஹாலில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அதைப் பார்த்து வாசிப்பார்கள். அவர் தலைக்குள்ளேயே சீக்வென்சர் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை அவர் எடுத்தது வசதிக்காக அல்ல, அந்த இயந்திரத்துக்கென்று இருந்த விறைப்பான துல்லியம் அந்தப் படத்தின் நடன அறைக்குப் பொருந்தியது என்பதற்காக. நான் அப்படித்தான் கேட்கிறேன்.

வசதிக்காக எடுத்தவர்கள் அடுத்து வந்தார்கள். இளையராஜா குழுவில் சிறுவயதிலேயே கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவர், விளம்பரப் படங்களுக்கு ஜிங்கிள் போட்டுக்கொண்டிருந்தபோது தன் வீட்டுப் பின்புறத்தில் ஒரு ஸ்டூடியோவைக் கட்டினார். 1992 இல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. ஏ.ஆர். ரஹ்மானுக்கு முதல் படத்திலேயே தேசிய விருது. அந்தக் கேசட்டைக் கேட்ட தமிழ்நாடு 'சவுண்டு புதுசா இருக்கே' என்றது. சவுண்டு புதிது என்பது உண்மை. அதைவிடப் புதிது வேலை நடந்த வரிசை. முன்பெல்லாம் பாடகர், வயலின்கள், தபலா, கிட்டார் எல்லாம் ஒரே கால்ஷீட்டில் ஒரே கூரையின் கீழ் கூடுவார்கள். இங்கே கூட்டம் இல்லை. இசையமைப்பாளர் மெட்டை முதலில் மிடியில் போட்டு வைத்துக்கொள்வார். அதன் மேல் ஒரு ராத்திரி புல்லாங்குழல், இன்னொரு ராத்திரி பாடகர். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் வயலின் டிராக்கை நீக்கிவிட்டு அதே எண்களை வேறொரு பெட்டிக்கு அனுப்பிப் பார்க்கலாம். யார் மனமும் புண்படாது. தபலாக்காரர் வீட்டுக்குப் போன பிறகு பாட்டின் தாளத்தையே மாற்றலாம்.

தாள வாத்தியக்காரர்களுக்குத்தான் இதில் முதல் அடி. காரணம் மிக எளிது. மிடி என்பது கட்டையைத் தட்டுவதை எழுதிக்கொள்வதற்காகப் பிறந்தது. எப்போது தட்டினார்கள், எவ்வளவு பலமாகத் தட்டினார்கள் என்ற இரண்டும் கிடைத்தால் டிரம்ஸுக்குப் போதும். டோலக்குக்கு, பாங்கோவுக்கு ஏறக்குறையப் போதும். 1985 இல் ரோலண்ட் கொண்டுவந்த ஆக்டோபேட்டைப் பாருங்கள். எட்டு ரப்பர் பலகைகள், குச்சியால் அடிக்க. அதற்குச் சொந்தமாக ஒரு ஒலிகூட இல்லை. அடித்த அடியை எண்ணாக்கி வயரில் விடுவது மட்டுமே அதன் வேலை. நம் ஊர் மெல்லிசைக் குழுக்கள் இந்த ஜாதிப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்ட பிடி வேறெந்த நாட்டிலும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பின்னால் வந்த பேடுகளில் ஒலியும் உள்ளேயே இருந்தது. கோயில் திருவிழா மேடையில் ஐந்து தாளக்காரர்கள் நின்ற இடத்தில் 'ரிதம் பேட்' வாசிப்பவர் ஒருவர் நின்றார். பறை, தவில், பம்பை எல்லாம் அவர் குச்சியிலிருந்து வந்தன. ஐந்து பேருக்குப் போன சம்பளம் ஒருவருக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த அடி, கூட்டு வயலினுக்கு. முப்பது வயலின்கள் சேர்ந்து ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது தனி ஆளின் விரல் அசைவு கரைந்து, ஒரு போர்வை போன்ற ஒலி வருகிறது. அந்தப் போர்வையை ஒருமுறை பதிவு செய்து கட்டைக்குக் கட்டை வைத்துவிட்டால், கீபோர்டில் அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அது பிளாஸ்டிக் போல ஒலித்தது, நினைவகம் குறைவு என்பதால். ஒரு சுரத்தை ஒன்றிரண்டு நொடி பதிந்து, அதையே வளையமாகச் சுற்றவிடுவார்கள். 1998 இல் 'கிகா சாம்ப்ளர்' என்ற மென்பொருள் ஒரு தந்திரம் செய்தது. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அது ஒலித்து முடிவதற்குள் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கிலிருந்து இழுத்துவிடும். அதன் பிறகு ஒரே சுரத்தை மெதுவாக, பலமாக, வில்லைத் தூக்கி, வில்லை அழுத்தி என்று பத்து விதமாகப் பதிந்து விற்கும் வியாபாரம் தொடங்கியது. வியன்னாவில் ஒரு கம்பெனி இதற்கென்றே தனி அரங்கம் கட்டிப் பதிவு செய்தது. ஹான்ஸ் ஸிம்மர் போன்றவர்கள் லண்டன் வாத்தியக்காரர்களை வைத்துத் தங்களுக்கென்றே சொந்தச் சரக்கு தயாரித்துக்கொண்டார்கள்.

1996 இல் கியூபேஸின் புதிய பதிப்பு, எஃபெக்ட் பெட்டிகளை மென்பொருளுக்குள் இழுத்தது. 1999 இல் வாத்தியங்களும் உள்ளே வந்தன. அதே வருடம் மிடியை யுஎஸ்பி வழியே அனுப்பவும் வழி செய்தார்கள். ஐந்து முள் பிளக்குக்கு அத்தோடு வேலை குறைந்தது. வயர் போனது, எண்கள் இருந்தன. 2002 இல் ஆப்பிள், ஜெர்மனியின் இமேஜிக் கம்பெனியை வாங்கியதில் 'லாஜிக்' அதன் கைக்கு வந்தது. 1991 இல் நான்கு டிராக்கோடு தொடங்கிய 'புரோ டூல்ஸ்' ஒலிப்பதிவுக் கூடங்களில் டேப்பின் நாற்காலியில் உட்கார்ந்தது. சாலிகிராமத்திலும் வடபழனியிலும் அபார்ட்மெண்ட் படுக்கையறைகள் ஸ்டூடியோ ஆயின. கதவில் பழைய மெத்தை, ஜன்னலில் முட்டை அட்டை. முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை.

நடுவே இந்த எண்கள் வேறொரு ஊர்வலமும் போய்வந்தன. 2000-களின் தொடக்கத்தில் செல்போன்களில் 'பாலிஃபோனிக் ரிங்டோன்' என்று ஒன்று வந்ததே, அது மிடிதான். புதுப்படப் பாட்டு வெளிவந்த மறுநாளே அதை யாரோ ஒருவர் கீபோர்டில் வாசித்துச் சில கிலோபைட்டில் அடக்கியிருப்பார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் ஏற்றித் தருவார்கள். ஸ்டூடியோவில் நாற்பது வயலினாக ஒலித்த எண்கள், போன் சில்லில் கொசு ரீங்காரமாக ஒலித்தன. லிஸ்ட் ஒன்றுதான், கடைதான் சின்னது.

திரைப்படத்தின் பின்னணி இசைக்கு, அதாவது ஆர்.ஆருக்கு, இந்த எண்கள் செய்துகொடுத்ததைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இசையமைப்பாளர்கள் ஏன் இதை விடவே மாட்டார்கள் என்பது புரியும். ஒரு காட்சி. இசை தொடங்கி 20.4 ஆவது நொடியில் கதாநாயகி திரும்பிப் பார்க்கிறாள். "சார், அந்தத் திரும்புற ஷாட்ல கரெக்டா விழணும்" என்கிறார் இயக்குநர். மெட்டு நிமிடத்துக்கு 92 அடியில் போகிறது. நான்கடித் தாளத்தில் எட்டுச் சுற்று, அதாவது 32 அடி முடிய 20.87 நொடி ஆகும். திரும்பிய பிறகு கிட்டத்தட்ட அரை நொடி, பதினோரு ஃபிரேம் தாமதம். திரையில் அது தூங்கி விழித்தது போல இருக்கும். புரோகிராமர் வேகத்தை 94.1 ஆக மாற்றுகிறார். ஆயிரம் சுரங்கள் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து நகர்கின்றன. ஒரு சுரத்தின் சுருதியும் மாறுவதில்லை. முப்பத்திரண்டாவது அடி முடிந்து அடுத்தது விழும் இடத்தில் அவள் திரும்புகிறாள்.

மறுநாள் எடிட்டிங்கிலிருந்து உதவி இயக்குநர் போன் செய்வார்: "அண்ணே, அந்த சீன்ல 18 ஃபிரேம் தூக்கிட்டாங்க." பதினெட்டு ஃபிரேம் என்பது முக்கால் நொடி. இப்போது திரும்பல் 19.65 இல். வேகத்தை ஏற்றிச் சரிக்கட்டினால் 97.7 ஆகிவிடும், சோகக் காட்சி ஓட ஆரம்பித்துவிடும். அனுபவம் உள்ள புரோகிராமர் வேகத்தைத் தொட மாட்டார். நடுவில் ஏதாவது ஒரு சுற்றில், வசனம் வருகிற இடமாகப் பார்த்து, ஒரு அடியை உருவிவிடுவார். அந்தச் சுற்று மட்டும் மூன்றடி. மொத்தம் 31 அடி, வேகம் 94.7. யாருக்கும் தெரியாது. டேப் காலத்தில் இதற்கு மறுபடி ஹால் பிடித்து ஆட்களைக் கூப்பிட வேண்டும். அல்லது டேப்பை பிளேடால் வெட்டி ஒட்ட வேண்டும். அப்போதெல்லாம் இசை போட வரும்முன் படத்தை எடிட் செய்து முடித்துவிடுவார்கள், வேறு வழி இல்லை என்பதால். இப்போது வழி இருக்கிறது. அதனால் ரிலீசுக்கு முந்தின வாரம் வரைக்கும் படம் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மிடி இசையமைப்பாளருக்குச் சுதந்திரம் கொடுத்தது என்பார்கள். தூக்கத்தைப் பறித்ததும் அதுதான்.

படத்தோடு இசையைச் சேர்த்து ஓட்டுவதும் ஆரம்பத்தில் லேசான காரியமாக இல்லை. 24 டிராக் டேப்பில் ஒரு டிராக்கை நேரக் குறியீட்டுக்கென்றே ஒதுக்குவார்கள். அது ஒருவிதக் கீச்சொலி. டேப் ஓடுவதைச் சீக்வென்சர் அந்தக் கீச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கீச்சு பக்கத்து டிராக்கில் கசியும் என்று அதையும் காலியாக விட்டவர்கள் உண்டு. படமும் இசையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகு இந்தச் சங்கடம் ஓய்ந்தது.

சரி, கட்டைகளைப் பற்றிப் பேசியாகிவிட்டது. கட்டைகளுக்கு நடுவே இருப்பதைப் பற்றி?

தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டில் அது ஒரே ஒரு கட்டை; ஸி-யை ஷட்ஜமாக வைத்தால் மிடி எண் 63. அந்தக் கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்தால் தோடி வராது. காந்தாரம் கீழே ரிஷபத்தையும் மேலே மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு அசைய வேண்டும். அந்த அசைவுதான் தோடி. 144, 63, 100 என்று எழுதியதும் மிடியைப் பொறுத்தவரை சுரம் முடிந்துவிட்டது. நமக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

மிடியை வகுத்தவர்கள் அசைவை அடியோடு மறந்துவிடவில்லை. கீபோர்டின் இடப்பக்கம் ஒரு சக்கரம் வைத்து, சுருதியை வளைக்கும் சேதி என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். மற்ற அளவுகளுக்கெல்லாம் 128 படிகள்தான். இதற்கு மட்டும் 16,384. வழக்கமாக அது மேலே இரண்டு அரைச் சுரம், கீழே இரண்டு அரைச் சுரம் வளையும். தோடி காந்தாரத்துக்குக் கீழே இரண்டு அரைச் சுரத்தில் ரிஷபம், மேலே இரண்டில் மத்தியமம். தற்செயல்தான்; ஆனால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. கீபோர்டிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் போன்றவர்கள், வலது கையால் கட்டையைத் தொட்டு, இடது கையால் அந்தச் சக்கரத்தில் கமகத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு அசாத்தியச் சாதகம் வேண்டும். நாளைக்குப் பாட்டைக் கொடுத்தாக வேண்டிய புரோகிராமர், மவுஸால் திரையில் வளைகோடு வரைவார். மேலே, கீழே, மேலே. வரைந்ததைப் போட்டுக் கேட்டால் பெரும்பாலும் பாம்பாட்டி வந்துவிடுவான். அசைவு ஒரே அளவாக, ஒரே வேகத்தில் இருப்பதுதான் காரணம். பாடுகிறவரின் அசைவு முதலில் நிதானமாக எழும், பிறகு நெருங்கும், ஒரு பக்கத்தில் சற்று அதிகம் தங்கும்.

இன்னொரு கோளாறும் உண்டு. அந்தச் சேதி சானலில் உள்ள எல்லாச் சுரத்தையும் சேர்த்தே வளைக்கும். கீழே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை அசைத்தால் ஷட்ஜமும் சேர்ந்து ஆடும். சுருதியே ஆடினால் அப்புறம் என்ன இருக்கிறது?

திரையிசையில் யாருக்கு 'அப்புறம்' வந்தது என்ற கேள்விக்கு விடை இங்கேதான். கட்டைகளின் மேல் வாசித்தவர்களின் இடத்தை எண்கள் எடுத்துக்கொண்டன. கட்டைகளுக்கு நடுவே வாசித்தவர்களைத் தொட முடியவில்லை. கூட்டு வயலின் போனது, தனி வயலின் நின்றது. டோலக் குழு போனது, இடது கையால் அழுத்தி இழுக்கும் தபலா டக்காவுக்கு ஆள் தேடினார்கள். புல்லாங்குழல், வீணை, சாரங்கி, நாகஸ்வரம் எல்லாம் லைவ்தான். ரஹ்மான் தன் ஆல்பங்களின் உறையில் வாத்தியக்காரர்களின் பெயரைப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு நூறு பேர் வாசித்தாலும் கேசட் உறையில் இசையமைப்பாளர் பெயர்தான் இருக்கும். ஹாலை நிரப்பிய கூட்டம் கலைந்த காலத்தில்தான் மிஞ்சியவர்களுக்குப் பெயர் கிடைத்தது.

கூட்டு வயலினும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. கொஞ்சம் பணம் இருக்கும் படங்களுக்கு அது புடாபெஸ்ட் வழியாகத் திரும்பி வருகிறது. இங்கே மிடியில் போட்ட எண்களை ஒரு ஆர்க்கெஸ்ட்ரேட்டர் ஸ்டாஃப் நோட்டேஷனாக எழுதித் தருவார். அங்கே இசைக்குழு அதைப் பார்த்து வாசிக்க, சென்னையில் இருப்பவர் இணையத்தில் கேட்டுக்கொண்டே திருத்தம் சொல்வார். தாளிலிருந்து எண்ணுக்குப் போன சுரம், எண்ணிலிருந்து தாளுக்குத் திரும்புகிறது. அந்தச் சாம்பிள் பெட்டியில் அடைபட்டிருக்கும் வயலினும் எங்கோ ஐரோப்பாவில் வாசிக்கப்பட்டதுதான். வயலினை இடது தோளில் ஏந்தி நம் மெட்டை ஒரே டேக்கில் வாசித்த கோடம்பாக்கத்துக்காரர்கள் இந்தச் சங்கிலியில் எங்கேயும் இல்லை. பட்ஜெட் போடுகிறவர்கள் இதற்கு ஆயிரம் நியாயம் சொல்வார்கள். எனக்கு அவற்றில் பாதி ஏற்புடையதாக இல்லை.

கட்டைகளுக்கு நடுவே போகும் கருவிகளும் ஒன்றிரண்டாக வந்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய லிப்போல்ட் ஹாக்கன் வடிவமைத்த 'கன்டினுவம்' அவற்றில் ஒன்று. கட்டையே கிடையாது. மெத்தென்ற ஒரு நீளப் பட்டை. விரலை வைத்து அசைத்தால் சுரம் அசையும், அழுத்தினால் ஒலி ஏறும். ரஹ்மான் அதை 'டெல்லி-6' ஆல்பத்தில் பயன்படுத்தினார், மேடைகளிலும் வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு விரலும் தனியாக அசையும் இந்த மாதிரிக் கருவிகளுக்காக, ஒவ்வொரு சுரத்தையும் ஒவ்வொரு சானலில் அனுப்பும் முறையை 2018 இல் மிடியின் அதிகாரபூர்வ விதியாகச் சேர்த்தார்கள். 2020 ஜனவரியில், பிறந்து முப்பத்தேழு வருடம் கழித்து, மிடி 2.0 வந்தது. அதில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க முடியும். தட்டும் வேகத்துக்கு 128 படிக்குப் பதில் 65,536 படி. காகேஹாஷி 2017 இலேயே இறந்துவிட்டார். ஸ்மித் அதைப் பார்த்துவிட்டு 2022 இல் இறந்தார்.

புது விதி வந்த பிறகும் சாலிகிராமத்து அறைகளில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் பழைய மிடிதான். கீபோர்டு பழையது, மென்பொருள் பழைய பாஷையையும் புரிந்துகொள்கிறது. மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. எண்பதுகளின் கடைசியில் சேமித்த ஒரு மிடி ஃபைல் கையில் கிடைத்தால் இன்றைய லாஜிக்கில் அது மறுபேச்சில்லாமல் திறக்கும். அந்தக் காலத்து டேப்போ பிசுபிசுத்துப் போயிருக்கும். அடுப்பில் வைப்பது போல மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் ஒருமுறையாவது ஓடும்.

நாகஸ்வரத்துக்கு சாம்பிள் சரக்கு கிடைக்காமல் இல்லை. கல்யாணக் காட்சியில் பின்னால் லேசாக ஒலித்தால் போதுமென்றால் அதையே போட்டுவிடுகிறார்கள். கதாநாயகனே நாகஸ்வரம் வாசிக்கிறான், கேமரா அவன் உதட்டருகே போகிறது என்றால் கதை வேறு. புரோகிராமர் முதலில் தானே வரைந்து பார்ப்பார். அரை நாள் போகும். பிறகு நாகஸ்வரக்காரருக்கு போன் போடுவார். அவர் வந்து சீவாளியை உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொண்டே, போட்டு வைத்த மிடி டிராக்கை ஹெட்போனில் ஒருமுறை கேட்பார். "இது எந்த ராகம்னு வச்சுக்கிறது தம்பி?" என்பார்.